ஜோரோ சிலந்தி: செய்திகள் கிளப்பிய பயமும் தங்க வலைச் சிலந்திகளின் உண்மையான வாழ்க்கையும்

உள்ளங்கை அளவு இருக்கும், விஷம் உண்டு, பறந்து வரும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பரவிவரும் ஜோரோ சிலந்தியைப் பற்றி 2022-இலும் மறுபடி 2024-இலும் உலகம் முழுக்கச் சுற்றிய செய்திகளின் சாரம் இவ்வளவுதான். படித்தவர்களுக்கு வந்த சந்தேகங்களும் நேரடியானவை. கடித்தால் உயிருக்கு ஆபத்தா? தலைக்கு மேலே பறந்து வருமா? கண்ணில் பட்டால் அடித்துவிட வேண்டுமா?

அந்த மூன்று விஷயங்களில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்று வளர்ந்த பெண் சிலந்திக்குப் பொருந்துவது, இன்னொன்று இப்போதுதான் பொரிந்த குஞ்சுக்குப் பொருந்துவது, மூன்றாவது கிட்டத்தட்ட உலகின் எல்லாச் சிலந்திகளுக்கும் பொருந்துவது. மூன்றையும் ஒரே உடம்பில் ஏற்றிச் சொன்னதால்தான் எங்குமே இல்லாத ஒரு பிராணியின் படம் வாசகர்களுக்குக் கிடைத்தது. ஜோரோவால் கவலைப்பட வேண்டிய விஷயம் நிஜமாகவே ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் குறைவாக எழுதினார்கள். அது புரிய வேண்டுமானால் இந்தச் சிலந்தி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, அந்தக் கூட்டம் எப்படி வாழ்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வலை கட்டுவதில் எத்தனை விதம்

இதுவரை பெயரிட்டு விவரிக்கப்பட்ட சிலந்தி இனங்களின் எண்ணிக்கை 2022-இல் 50,000-ஐத் தாண்டியது. எல்லாச் சிலந்திகளுக்கும் இழை சுரக்கத் தெரியும், ஆனால் எல்லாம் வலை கட்டுவதில்லை. தாவும் சிலந்தியும் ஓநாய்ச் சிலந்தியும் ஓடியோ பதுங்கியோ இரை பிடிக்கும். அவற்றுக்கு இழை என்பது பெரும்பாலும் முட்டைப் பை செய்வது, கீழே விழாமல் தொங்குவது போன்ற வேலைகளுக்குத்தான். வலை கட்டுகிறவற்றிலும் சில புல்தரையில் விரிப்பு போல நெய்யும், சில புனல் வடிவில் நெய்து உள்ளே காத்திருக்கும், சில வீட்டு மூலைகளில் நாம் பார்க்கிற ஒழுங்கில்லாத சிக்கல் வலையைப் பின்னும். சிலந்தி வலை என்றதும் பலரும் மனதில் வரைகிற, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல நடுவிலிருந்து இழைகள் பிரிகிற வலை, வட்ட வலை.

இனிமேல் வரப்போகும் சில சொற்களை இங்கேயே சொல்லிவிடலாம்.

1. சட்ட இழை: வலையின் வெளி எல்லை. கிளைகளோடு கட்டப்பட்டிருக்கும்.
2. ஆர இழை: மையத்திலிருந்து சட்டத்துக்குப் போகும் நேர் இழை. ஒட்டாது. பூச்சி மோதும் வேகத்தைத் தாங்குவதும் அதிர்வை மையத்துக்குக் கடத்துவதும் இதுதான்.
3. ஒட்டும் சுருள்: ஆரங்களின் மேல் சுற்றிச் சுற்றி வரும் இழை. பூச்சியைப் பிடித்து வைக்கிற வேலை இதனுடையது.
4. துணைச் சுருள்: ஒட்டும் சுருளைப் போடுவதற்கு முன்னால் சிலந்தி கட்டிக்கொள்ளும், ஒட்டாத சாரம்.

ஒட்டுவதிலும் இரண்டு வழிகள் உள்ளன. பழைய வழியில் பசையே கிடையாது. மிக மிக மெல்லிய நார்களைக் கால் மயிரால் சிலுப்பிக் கம்பளி போல ஆக்கி இழையின் மேல் போர்த்திவிடும், பூச்சியின் கால் அதில் மாட்டிக்கொள்ளும். பின்னால் தோன்றிய வழியில் இழையின் மேல் நுண்ணிய பசைத் துளிகள் வரிசையாக இருக்கும், அவற்றில் உள்ள உப்புகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்வதால் பசை காயாமல் இருக்கும். ஜோரோவும் அதன் உறவுகளும் இந்த இரண்டாவது வகை.

அந்த உறவுக் கூட்டத்தின் பெயர் நெஃபிலிடே. தங்க வலைச் சிலந்திகள் என்று சொல்லலாம், ஏனென்றால் இவற்றில் பலவற்றின் வலை வெயிலில் மஞ்சளாக மின்னும். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள நெஃபிலா பிலிபெஸ், அமெரிக்கக் கண்டங்களில் வாழும் டிரைக்கோநெஃபிலா கிளவிபெஸ், ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் உள்ள டிரைக்கோநெஃபிலா இனவுராட்டா எல்லாம் இதில் அடக்கம். ஜோரோவின் அறிவியல் பெயர் டிரைக்கோநெஃபிலா கிளவாட்டா. ஜப்பான், கொரியா, சீனா, தைவான் பகுதிகளில் இயல்பாகவே வாழ்வது. பழைய நூல்களில் இவற்றில் பெரும்பாலானவை நெஃபிலா என்ற ஒரே பேரினத்தில் இருக்கும், 2019-இல்தான் பிரித்து அடுக்கினார்கள். ஒரே சிலந்திக்கு இரண்டு பெயர்களைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

செய்தி சொன்ன 'உள்ளங்கை அளவு' இங்கே தெளிவாகிவிடும். ஜோரோவின் வளர்ந்த பெண்ணுக்கு உடல் நீளம் ஏறக்குறைய 2 முதல் 2.5 சென்டிமீட்டர், உள்ளங்கையை எட்டுவது விரித்த கால்களோடு சேர்த்து அளந்தால்தான். அதே கூட்டத்தின் நெஃபிலா பிலிபெஸ் பெண்ணுக்கு உடல் மட்டுமே 3 முதல் 5 சென்டிமீட்டர், கால்களோடு 20 சென்டிமீட்டர் வரை போகும். அது ஆசியாவின் வெப்பக் காடுகளில் மனிதர்களுக்குப் பக்கத்திலேயே தொன்றுதொட்டு வாழ்கிறது.

வலை கட்டும் வேலை

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம், இந்தச் சிலந்திகளின் வாழ்க்கை முழுவதும் வலையில்தான் நடக்கிறது. அதன் கண்கள் எட்டு, பார்வையோ மங்கல். உலகத்தை அது தெரிந்துகொள்வது கால்களில் உள்ள நுண்ணிய பிளவு உறுப்புகள் வழியே வரும் அதிர்வால்தான். வலை என்பது அதன் பொறி, காது, வீடு எல்லாமே. வட்ட வலை கட்டும் இன்னொரு இனத்தை வைத்துச் செய்த ஆய்வில், தொலைவிலிருந்து காற்றில் வரும் ஒலியைக்கூட வலையின் அசைவு வழியே அது உணர்கிறது என்று 2022-இல் காட்டினார்கள்.

ஒரே சிலந்தியின் வயிற்றில் வெவ்வேறு வகை இழைக்கு வெவ்வேறு சுரப்பிகள் உண்டு. தொங்கும் கயிற்றுக்கும் ஆரத்துக்கும் ஒன்று, ஒட்டும் சுருளின் நடு நாருக்கு ஒன்று, அதன் மேல் பூசும் பசைக்கு ஒன்று, இழையைக் கிளையில் ஒட்டவைக்கும் சிமென்ட்டுக்கு ஒன்று, இரையைச் சுற்றும் மெல்லிழைக்கு ஒன்று, முட்டைப் பைக்கு ஒன்று என்று போகும். டிரைக்கோநெஃபிலா கிளவிபெஸின் மரபணுத் தொகுதியை 2017-இல் முழுதாகப் படித்தபோது இழைப் புரதங்களுக்கான மரபணுக்கள் 28 கிடைத்தன.

கட்டும் வரிசை பொதுவாக இப்படி:

1. ஓர் உயரமான இடத்திலிருந்து இழையைக் காற்றில் விடும். அது எதிர்ப்பக்கம் எங்காவது சிக்கினால் அதுதான் பாலம்.
2. பாலத்தின் நடுவிலிருந்து கீழே இறங்கி இழுத்துக் கட்டும். மூன்று முனையுள்ள ஒரு கவை கிடைக்கும், கவையின் சந்திப்புதான் பிற்பாடு மையம்.
3. சட்டத்தையும் ஆரங்களையும் போடும்.
4. மையத்திலிருந்து வெளியே போகும்படி துணைச் சுருளைக் கட்டும். இதுவரை எதுவும் ஒட்டாது.
5. அந்தச் சாரத்தில் நடந்தபடி, இந்த முறை வெளியிலிருந்து உள்ளே வரும்படி, ஒட்டும் சுருளை நெருக்கமாகப் போடும்.

ஐந்தாவது கட்டத்தில்தான் தங்க வலைக் கூட்டம் தனியாகத் தெரிகிறது. தோட்டங்களில் காணும் பெரும்பாலான வட்டவலைச் சிலந்திகள் ஒட்டும் சுருளைப் போடப்போட, துணைச் சுருளை அறுத்து எடுத்துவிடும். தங்க வலைச் சிலந்திகள் அதை அப்படியே விட்டுவைக்கும். வலை பெரிது, கனமான பூச்சி விழும், நீண்ட நாள் நிற்க வேண்டும். விட்டுவைத்த சாரம் வலையை இறுக்கிப் பிடிக்கிறது. பல தோட்டச் சிலந்திகள் அன்றாடம் வலையைச் சுருட்டித் தின்றுவிட்டுப் புதிதாகக் கட்டும், தின்ற இழையின் புரதத்தில் பெரும்பகுதி அரை மணி நேரத்துக்குள்ளேயே புது இழையாகத் திரும்பிவிடுகிறது. தங்க வலைச் சிலந்திகள் அப்படி முழுதாகக் கலைப்பது அபூர்வம். கிழிந்த பாதியை மட்டும் எடுத்துவிட்டு அதே இடத்தில் புதிதாகப் போடும், அடுத்த முறை மற்ற பாதி. ஒரே வலை வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பது இதனால்தான். நெஃபிலா பிலிபெஸின் வலை ஒரு மீட்டர் அகலத்தையும் தாண்டும், அதைத் தாங்கும் கயிறுகள் இன்னும் பல மீட்டர் நீளம்.

மையம் நட்டநடுவில் இருக்காது, மேல்பக்கமாக ஒதுங்கியிருக்கும். கனமான சிலந்திக்கு மேலே ஏறுவதைவிடக் கீழே ஓடுவது வேகம். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கீழே அதிகப் பரப்பை விரித்து வைத்தால் கிடைப்பது அதிகம்.

சரி, தன் பசையில் தானே ஏன் ஒட்டிக்கொள்வதில்லை? நடக்கும்போது பெரும்பாலும் ஒட்டாத இழைகளையே மிதிக்கிறது என்பது பாதி பதில். ஒட்டும் சுருளைப் போடும்போது அதைத் தொடத்தான் வேண்டும். அப்போது காலில் உள்ள கிளைத்த மயிர்களும், பசை பற்றாமல் தடுக்கும் மேற்பூச்சும், காலை மெதுவாகச் சாய்த்து இழுத்து விடுவிக்கும் விதமும் சேர்ந்து காப்பாற்றுகின்றன. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நுணுக்கமாகப் படம் பிடித்துக் காட்டியது.

மஞ்சள் எதற்கு

இழையில் சேரும் நிறமிகள்தான் மஞ்சளுக்குக் காரணம். வெயில் படும் இடத்தில் மஞ்சள் தேனீக்களை இழுக்கிறது, பூவின் நிறத்தோடு பழகிய பூச்சிகள் அதை நோக்கி வருகின்றன. நிழலில், இலைகளின் பின்னணியில், அதே மஞ்சள் வலையைக் கண்ணில் படாமல் மறைக்கிறது. இன்னும் சுவையான விஷயம், வெளிச்சம் கூடுவதும் குறைவதும் பார்த்து நிறமியின் அளவைச் சிலந்தி மாற்றிக்கொள்கிறது என்பது. இதுபற்றிய ஆய்வுகள் 1990-களிலேயே வந்துவிட்டன.

'எஃகைவிட வலிமை' என்ற வாக்கியம்

சிலந்தி இழை எஃகைவிட ஐந்து மடங்கு வலிமையானது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். இதைப் பாதிதான் ஏற்க முடியும். அறுக்கத் தேவையான இழுவிசையை ஒரே தடிமனில் ஒப்பிட்டால், தங்க வலைச் சிலந்தியின் தொங்கு கயிறு உயர்தர எஃகுக்கு அருகில் வருமே தவிர மடங்குக் கணக்கில் மிஞ்சாது. ஆனால் இழையின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஆறில் ஒரு பங்குதான், ஆகவே ஒரே எடைக்கு ஒப்பிட்டால் இழை பல மடங்கு முன்னே போகிறது. அந்த ஐந்து மடங்கு வருவது இந்த எடைக் கணக்கில்தான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒரு அளவு: அறுவதற்கு முன் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்பது. எஃகு கொஞ்சம்தான் நீளும், பிறகு அறும். இழை நீண்டு, ஆற்றலை விழுங்கி, மெதுவாகத்தான் விடும். அதிலும் ஒட்டும் சுருள் தன் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் நீளக்கூடியது. பறந்து வரும் பூச்சியை வலை குதிக்கவைத்துத் திருப்பி வீசிவிடாமல் பிடித்துக்கொள்வது இதனால்தான். இந்த அளவுகோலில் இதுவரை அளந்தவற்றுள் முன்னணியில் இருப்பது 2010-இல் விவரிக்கப்பட்ட மடகாஸ்கரின் டார்வின் மரப்பட்டைச் சிலந்தி; அது ஆறுகளுக்குக் குறுக்கே 25 மீட்டர் வரை பாலக் கயிறு போட்டு வலை கட்டும்.

இவ்வளவு நல்ல நூலை ஏன் வளர்த்து விற்கவில்லை என்று தோன்றும். பட்டுப்புழுவைப் போல ஒரே தட்டில் ஆயிரக்கணக்கில் வளர்த்தால் சிலந்திகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மடகாஸ்கரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுத் தங்க வலைச் சிலந்திகளைப் பிடித்து, இழையை உருவிவிட்டு, மறுபடி வெளியே விட்டு நெய்த ஒரே ஒரு துணி 2009-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது. சாயம் எதுவும் போடாத இயற்கை மஞ்சள். அந்த ஒரு துணிக்கு நான்கு வருட உழைப்பு தேவைப்பட்டது.

இரை பிடிப்பதும் வலையில் திருடர்களும்

வலையில் பூச்சி விழுந்ததும் சிலந்திகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. தோட்டங்களில் அடிக்கடி பார்க்கும் ஆர்ஜியோப் வகைச் சிலந்திகள் முதலில் இழையை வீசிப் பூச்சியைப் பொட்டலம் கட்டும், பிறகுதான் கடிக்கும். தங்க வலைச் சிலந்தி நேரே ஓடிக் கடிக்கும், அடங்கிய பிறகே சுற்றும். அப்புறம் மையத்துக்கு எடுத்துப்போய், செரிமான நீரை உமிழ்ந்து, கரைந்ததை உறிஞ்சும். சிலந்தியால் மென்று விழுங்க முடியாது. மிஞ்சியதை வலையிலேயே தொங்கவிட்டுச் சேமிப்பதும் உண்டு.

பெரும்பாலும் ஈ, வண்டு, வெட்டுக்கிளி, தேனீ, அந்துப்பூச்சி இவைதான் உணவு. மிகப் பெரிய வலைகளில் சிறு பறவையோ வவ்வாலோ சிக்குவது அபூர்வமாக நடக்கிறது. சிலந்திகள் வவ்வாலைப் பிடித்ததாக உலகம் முழுவதிலிருந்தும் கிடைத்த பதிவுகளை 2013-இல் திரட்டியபோது மொத்தம் 52 தேறின. இணையத்தில் சுற்றும் அந்தப் படங்கள் பொய்யில்லை, ஆனால் அன்றாடம் நடப்பதும் இல்லை.

ஒரே இடத்தில் நீண்ட நாள் நிற்கும் பெரிய வலைக்கு ஒரு தொல்லை உண்டு, திருட்டு. ஆர்கிரோடெஸ் என்ற பேரினத்துச் சிறு சிலந்திகள், சில மில்லிமீட்டர் நீளமே உள்ளவை, பல வெள்ளியாக மின்னுபவை, தங்க வலையின் ஓரங்களில் குடியிருந்து வீட்டுக்காரி கவனிக்காத சிறு பூச்சிகளையும் சேமித்து வைத்த இரையையும் எடுத்துக்கொள்கின்றன.

விஷம் உண்டு, ஆனால்

ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் விஷம் உண்டு. 'விஷச் சிலந்தி' என்ற தலைப்பு அதனால் தன்னளவில் எதையும் சொல்வதில்லை. விலக்குகள் மிகச் சில, அவற்றில் ஒன்று உலோபோரிடே குடும்பம். அவற்றுக்கு விஷச் சுரப்பியே கிடையாது, அதற்குப் பதிலாக ஒரு பூச்சியை நூறு மீட்டருக்கும் மேற்பட்ட இழையால் இறுக்கிச் சுற்றிவிடும் இனங்கள் உண்டு.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று:

1. விஷம் யாருடைய உடம்பில் வேலை செய்ய உருவானது? கருப்பு விதவைச் சிலந்தியின் விஷத்தில் முதுகெலும்புள்ள பிராணிகளின் நரம்பு முனைகளைத் தாக்கும் தனிப் புரதம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் அந்தக் கடி மருத்துவப் பிரச்சினை ஆகிறது. தங்க வலைச் சிலந்திகளின் விஷம் முக்கியமாகப் பூச்சிகளின் நரம்பு-தசை இணைப்பை முடக்குவது.
2. எவ்வளவு உள்ளே போகும்? ஜோரோ கடித்தால் அந்த இடத்தில் வலியும் சிவப்பும் வரும், சில மணி நேரத்தில் தணியும், பொதுவாகத் தேனீ கொட்டுவதற்கு மேல் போகாது. ஒவ்வாமை உள்ளவர்கள் எந்தப் பூச்சிக் கடியிலும் போல இதிலும் கவனமாக இருக்க வேண்டும்.
3. கடிக்குமா? பிடித்து அழுத்தினால் கடிக்கும். தானாக வந்து கடிக்காது.

மூன்றாவதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வகைச் சிலந்திகளின் மேல் லேசாகக் காற்றை ஊதி, எவ்வளவு நேரம் உறைந்து நிற்கின்றன என்று அளந்து 2023-இல் வெளியிட்டார்கள். மற்றவை ஓரிரு நிமிடங்களில் அசைய ஆரம்பித்தன. ஜோரோவும் அதன் நெருங்கிய உறவான டிரைக்கோநெஃபிலா கிளவிபெஸும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அசையவில்லை. வெளியிலிருந்து வந்து பரவும் உயிரினத்துக்கு வைக்கும் 'ஆக்கிரமிப்பு இனம்' என்ற பெயரைக் கேட்டு மூர்க்கமான பிராணியை நினைத்துக்கொள்வது தவறு என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

இந்த விஷத்துக்கு நல்ல வரலாறும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜோரோவின் விஷத்திலிருந்து பிரித்த ஒரு பொருள், நரம்பு செல்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வழியே பேசிக்கொள்வதைத் தடுக்கிறது என்று கண்டறிந்தார்கள். மூளையில் குளூட்டமேட்டை உணரும் ஏற்பிகள் எப்படி வேலை செய்கின்றன என்று படிக்க அது ஆய்வகக் கருவியாகவே ஆகிவிட்டது.

பெண் பெரிது, ஆண் மிகச் சிறிது

தங்க வலையின் நடுவில் தெரிவது எப்போதும் பெண்தான். அதே வலையின் மேல் ஓரத்தில் ஒன்றோ பலவோ சிறிய, மங்கிய நிறச் சிலந்திகள் ஒட்டியிருந்தால் அவை குஞ்சுகள் அல்ல, வளர்ந்த ஆண்கள். நெஃபிலா பிலிபெஸில் சராசரிப் பெண் ஆணைவிட 125 மடங்கு கனம். ஆண் சுருங்கியதால் வந்த வித்தியாசம் இது என்று நினைக்கத் தோன்றும். பரிணாம வரிசையைப் பார்த்தால் பெரும்பாலும் பெண் பெருத்ததால் வந்தது. உடல் பெரிதானால் முட்டை அதிகம்.

ஆணுக்கு விதைப்பை வயிற்றுப்புறம்தான், ஆனால் விந்தை முகத்தருகே உள்ள குட்டைக் கால் போன்ற இரண்டு உறுப்புகளில் ஏற்றிக்கொண்டுதான் பெண்ணிடம் போகும். இந்தக் கூட்டத்தின் பல இனங்களில் இணைசேரும்போது அந்த உறுப்பின் நுனி முறிந்து பெண்ணின் உடலில் அடைப்பாக நின்றுவிடும், அடுத்த ஆணைத் தடுக்க. பெண் ஆணைத் தின்பதும் நடக்கும். பெண் இரையைத் தின்றுகொண்டிருக்கும்போது நெருங்குவது, நெஃபிலா பிலிபெஸ் ஆண் செய்வதுபோலப் பெண்ணின் முதுகில் இழையைப் பூசி அவளைத் தணிப்பது என்று தப்பிக்கும் வழிகளும் உள்ளன.

ஜோரோவின் ஆயுள் ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிடும். வசந்தத்தில் குஞ்சுகள் பொரியும், கோடை முழுக்கத் தோலுரித்து வளரும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பெரிய பெண்கள் கண்ணில் படும், அப்போதுதான் செய்திகளும் கூடும். இலையுதிர்காலத்தில் ஒரு பையில் பல நூறு முட்டைகளை இட்டுவிட்டுக் குளிர் இறங்கும்போது இறந்துவிடும்.

பறப்பது யார்

சிலந்திக்கு இறக்கை கிடையாது. பொரிந்து வந்த குஞ்சுகள் உயரமான முனைக்கு ஏறி, வயிற்றைத் தூக்கி, மெல்லிய இழைகளைக் காற்றில் விட்டு, அவை இழுக்கும் வழியே மிதந்து போகும். வட்ட வலை கட்டுகிறவை மட்டுமில்லை, பல குடும்பங்களில் இது உண்டு. 1832-இல் பீகிள் கப்பலில் போன டார்வின், தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 60 மைல் தள்ளிக் கடலில் இருந்தபோது இப்படி வந்து இறங்கிய ஏராளமான சிறு சிலந்திகளைக் குறிப்பெழுதி வைத்தார். காற்று மட்டுமல்ல, வளிமண்டலத்தின் மின்புலமும் இவற்றைத் தூக்க உதவுகிறது, மின்புலத்தை உணர்ந்ததும் அவை புறப்படும் நிலைக்கு வருகின்றன என்று 2018-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

உள்ளங்கை அளவுப் பெண் ஜோரோ இதைச் செய்ய முடியாது. கனம் விடாது. மிதந்து வருவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத குஞ்சு.

அமெரிக்காவில் நடந்தது என்ன

ஜார்ஜியா மாநிலத்தில் நெடுஞ்சாலை ஒன்றை ஒட்டிய சில ஊர்களில் 2014-இல் ஜோரோ அடையாளம் காணப்பட்டது. கிழக்காசியாவிலிருந்து வந்த கப்பல் கொள்கலன்களோடு வந்திருக்கலாம் என்பதுதான் பொதுவான கணிப்பு. 2023-இல் வெளியான ஆய்வின்படி அது பரவிய பரப்பு அப்போதே 1,20,000 சதுர கிலோமீட்டரை எட்டியிருந்தது. ஜார்ஜியாவோடு தென் கரோலினா, வட கரோலினா, டென்னசி மாநிலங்களிலும் இருந்தது.

வடக்கே போகும் என்ற கணிப்புக்கு அடிப்படை 2022 ஆய்வு ஒன்று. அங்கே நெடுங்காலமாக வாழும் கிளவிபெஸோடு ஒப்பிட்டால் ஜோரோவின் வளர்சிதை மாற்ற வேகம், அதாவது உடல் ஆற்றலைச் செலவிடும் வேகம், ஏறக்குறைய இரண்டு மடங்கு, இதயத் துடிப்பு 77 சதவீதம் அதிகம், சற்று நேரம் உறைபனி வெப்பநிலையில் வைத்தாலும் அதிகமானவை பிழைக்கின்றன. ஜப்பானின் தட்பவெப்பம் தாங்கும் சிலந்தி அதைப் போன்ற அமெரிக்கப் பகுதிகளில் நிலைப்பதில் ஆச்சரியம் இல்லை. போதாததற்கு வண்டிகள் ஓயாமல் ஓடும் சாலையோரத்தின் அதிர்வையும் தாங்கிக்கொள்கிறது: அங்கே இரைமேல் பாய்வது கொஞ்சம் குறைந்தாலும் உடல் எடை குறையவில்லை என்று 2024-இல் கண்டார்கள்.

இதன் விளைவுகளை வரிசையாகப் பார்த்தால்:

1. மற்ற வட்டவலைச் சிலந்திகள். நான் முதலில் சொன்ன உண்மையான கவலை இது. ஜோரோ நீண்ட காலமாக நிலைத்திருக்கும் இடங்களில் அங்குள்ள இயல்பான வட்டவலைச் சிலந்திகள் குறைவாகத் தென்படுவதைக் களக் கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன. ஜோரோவின் வலைகள் பெரியவை, மின்கம்பி முதல் வீட்டுத் தாழ்வாரம் வரை எங்கும் நெருக்கமாகக் கட்டும். வலைக்கு ஏற்ற இடத்துக்கும் பறக்கும் பூச்சிகளுக்கும் இரண்டு தரப்பும் போட்டியிடுகின்றன. இடம் பிடித்ததால் மற்றவை போயினவா, குறைந்த இடத்தில் இது பெருகியதா என்பதைக் கணக்கெடுப்பு மட்டும் தீர்த்துச் சொல்லாது, ஆனால் அலட்சியம் செய்யக்கூடிய அறிகுறி இல்லை.

2. பூச்சிகள். பயிர்களைத் தாக்கும், ஆசியாவிலிருந்தே வந்து சேர்ந்த பழுப்பு நாற்றப் பூச்சியை ஜோரோ தின்கிறது, இது லாபம். அதே வலையில் தேனீயும் விழுகிறது. 'நன்மை செய்யும் சிலந்தி' என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வதும் அவசரம்தான். சிலந்திகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40 முதல் 80 கோடி டன் இரையைத் தின்கின்றன என்று 2017-இல் மதிப்பிட்டார்கள். இந்த அளவு பெரிய வேலையில் யார் எதைத் தின்கிறார் என்பது மாறினால் அதன் பின்விளைவு சிறியதாக இருக்காது.

3. தவறான சிலந்தியைக் கொல்வது. செய்தியைப் பார்த்துப் பயந்தவர்கள் மஞ்சளாக எது தெரிந்தாலும் அடிக்கிறார்கள். ஏற்கெனவே போட்டியில் பின்தங்கும் உள்ளூர்ச் சிலந்திகளுக்கு இது இரண்டாவது அடி.

அடையாளம் காண்பது கடினமில்லை. வளர்ந்த பெண் ஜோரோவின் வயிற்றின் மேல்பக்கம் மஞ்சளும் நீலம் கலந்த சாம்பல் பட்டைகளும் மாறிமாறி வரும், அடிப்பக்கத்தில் சிவப்புக் குறி இருக்கும், கால்கள் கருப்பில் மஞ்சள் வளையங்களோடு வழவழப்பாக இருக்கும். கிளவிபெஸுக்குக் காலில் கொத்துக்கொத்தாக மயிர் உண்டு, வயிறு செம்பழுப்பில் வெண்புள்ளிகளோடு நீளமாக இருக்கும். கருப்பு-மஞ்சள் தோட்டச் சிலந்தியான ஆர்ஜியோப் தன் வலையின் நடுவில் வெள்ளையாக வளைந்து வளைந்து தெரியும் தடித்த பட்டையை நெய்திருக்கும், ஜோரோ வலையில் அது இருக்காது.

பூச்சிமருந்து தெளிப்பது இதில் மோசமான வழி, பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும், காலியான இடத்துக்கு அடுத்த வருடம் மிதந்து வருவது ஜோரோ குஞ்சுகளாகவே இருக்கலாம். நடைபாதையை மறைக்கும் வலையை நீளக் குச்சியால் ஒதுக்கிவிட்டால் போதும். பரவலைத் தடுக்க உண்மையில் ஏதாவது செய்ய விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது குளிர்காலத்தை. அப்போது பெரிய சிலந்தி ஒன்றுகூட இருக்காது, முட்டைப் பைகள் மட்டும் மரப்பட்டையிலும் இலைகளிலும் கட்டடங்களிலும் ஒட்டியிருக்கும். ஜோரோ உள்ள பகுதியிலிருந்து விறகு, செடித்தொட்டி, இழுவை வண்டி எதையாவது தொலைவுக்கு எடுத்துப்போகும் முன் அடிப்பக்கத்தையும் இடுக்குகளையும் பார்த்து, வெண்மையான பட்டுப் பொதி இருந்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.